தெரேசா வீட்டுப் பெரட்டு

மாலை ஐந்தரை ஆனால் தெரேசா பெரட்டு எடுப்பாள்.

தேயிலைத் தோட்டத்துப் பெரட்டு விடியற்காலையில் நடப்பது. கங்காணி பெயர் கூப்பிடுவார், ஆட்கள் குரல் கொடுப்பார்கள், யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது என்று பிரித்து அனுப்புவார்கள். இருபத்தாறு வருடமாக அந்தப் பெரட்டில் நின்று பழகியவள் தெரேசா. அவள் வீட்டுக்குப் பின்னால், தகரம் வேய்ந்த பத்தடிப் பட்டறையில் நடக்கும் பெரட்டு வேறு மாதிரி. அங்கே பெயர் கூப்பிடுவதும் அவள்தான், ஆள் வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவள்தான். முக்கால் உளி என்பாள். அது தன் இடத்தில் தொங்கும். அரை உளி, மரம் இழைக்கும் சின்னச் சீவுளி, பெரிய சீவுளி, மூலைமட்டம் என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் தொட்டுக்கொண்டே போவாள். சபுக்கு மரப் பலகை அறைந்த அந்தச் சுவரில் ஒவ்வோர் ஆயுதத்தின் உருவத்தைச் சுற்றியும் கறுப்புப் பெயின்டில் கோடு இழுத்து வைத்திருந்தாள். ஒரு சுத்தியல் வீடு திரும்பாவிட்டால், சுத்தியல் அளவுக்கு ஒரு வெறுமை சுவரில் நின்று அவளைக் கூப்பிடும்.

பக்கத்து வீட்டு நல்லமுத்துவுக்கு இந்தப் பெரட்டு பெரிய வேடிக்கை. தெரேசா ஆணிக்கும் செக்ரோல் புத்தகத்தில் வருகை போட்டு வைத்திருக்கிறாள், ஆணி லீவு கேட்டால் கொடுப்பாளோ மாட்டாளோ என்று கோயில் முற்றத்தில் சொல்லிச் சிரிப்பார். இரவல் வாங்குவதிலும் அவர்தான் முதல் ஆள். ஒரு முறை அவளுடைய சுத்தியலை வாங்கிப் போய், பத்து நாள் கழித்து வேறு எங்கிருந்தோ ஒரு சுத்தியலைக் கொண்டுவந்து நீட்டினார். தெரேசா அதைச் சுவரில் வைத்துப் பார்த்தாள். தலை கோட்டுக்குள் அடங்கவில்லை.

"சுத்தியலுக்குச் சுத்தியல் சரியாப் போச்சு. அப்புறம் என்னா தங்கச்சி?"

"நம்ம புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பி வச்சா, சாயந்தரம் வேற வீட்டுப் புள்ள வந்து நின்னா ஏத்துக்குவீங்களாண்ணே?"

"என் மூத்தவனுக்குப் பதிலா வேற எவன் வந்தாலும் ஏத்துக்குவேன்," என்றார் நல்லமுத்து. ஆனாலும் போய்த் தேடினார். சுத்தியல் அவருடைய கோழிக்கூட்டின் மேல் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

தெரேசா தச்சுவேலைக்கு வந்ததே ஒரு விபத்து மாதிரிதான். பத்து வருடத்துக்கு முன், அற்றன் நகரில் மாதா கோயில் சபையார் ஆறு மாதத் தையல் வகுப்பு நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். வரிசையில் அவள் முறை வருவதற்குள் தையல் வகுப்பு நிரம்பிவிட்டது. மரவேலை வகுப்பில் மட்டும் இடம் இருக்கிறது என்றார்கள். வந்த பஸ் காசு வீணாகக் கூடாது என்று பெயரைக் கொடுத்துவிட்டாள். பதினொரு ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண். அவள் செய்த முதல் முக்காலி, உட்கார்ந்தவரை ஊஞ்சல் ஆட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே போய் நின்றாள்.

அப்போது அவர்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடு ஒன்றில் இருந்தார்கள். ஒரு காம்பரா அறை, முன்னால் திண்ணையாக ஒரு இஸ்தோப்பு. கட்டிலுக்கு அடியில் மரம் அறுக்கும் வாள், அரிசி வாளிக்குப் பக்கத்தில் ஆணி, துணிமணிக்கு நடுவே உளி. ஒரு நாள் மகள் யூஜினா சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தவள், முகத்தைச் சுளித்து, தேங்காய்ச் சம்பலுக்குள்ளிருந்து ஒரு திருகாணியை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் தெரேசாவின் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. இந்தச் சாமான்களுக்கு ஒரு வீடு கட்டாவிட்டால் நம் வீடு வீடாக இருக்காது என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

பால்மா டின்கள் சேர்ந்தன. ஒரு டின்னில் ஒரே அளவு ஆணிதான். டின்னின் மேல் அதே ஆணி ஒன்று கயிற்றில் கட்டித் தொங்கும், எழுத்துப் படிக்கத் தேவையில்லை. பிறகு லயத்துக்குக் கீழே தனி வீடு கிடைத்தபோது, சமையலறைக்குச் சீமெந்து பூசுவதற்கு முன்னால் பட்டறைக்குத்தான் தூண் நட்டாள். நீளப் பலகைகள் நிற்க ஒரு தட்டு, பச்சைப் பலகை காய ஒரு தட்டு. முழங்கை நீளத்துக்குக் குறைந்த துண்டு அடுப்புக்கு, கூடினது மூலைப் பெட்டிக்கு. ஒரு கதிரை செய்தால் அதன் கால், முதுகு, கை எல்லாவற்றுக்கும் மெல்லிய பலகையில் அச்சு வெட்டி, தேதி எழுதி, ஆணியில் மாட்டிவிடுவாள். மரத்தூள் உரச்சாக்கில் போய் நல்லமுத்துவின் கோழிகளுக்குப் படுக்கையாகும்.

இத்தனைக்கும் பின்னால் ஒரு மனிதன் இருந்தான். அவன் அங்கே இல்லை என்பதுதான் அந்த வீட்டின் துயரம்.

தெரேசாவின் கணவன் றொனால்ட் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பதினான்கு வருடமாக வேலை செய்தான். கடைக்கு மேலே, சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில்தான் படுக்கை. மாதத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை வருவான், ஞாயிறு மத்தியானம் தலவாக்கலை ஸ்டேஷனில் ரயில் ஏறிவிடுவான். கொழும்புக்குப் போன மற்ற வீட்டு ஆண்கள் வரும்போது சேலை கொண்டுவருவார்கள், கேக் கொண்டுவருவார்கள். றொனால்ட் ஒரு முறை சாரத்துணியில் சுற்றி எதையோ கொண்டுவந்தான். பக்கத்து வீட்டு நாகலெட்சுமியும் மற்றப் பெண்களும் எட்டிப் பார்க்க, தெரேசா வெட்கத்தோடு பிரித்தாள். உள்ளே ஒரு சீவுளி. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். தெரேசாவுக்கோ கண் நிறைந்துவிட்டது. போன மாதம் பழைய சீவுளி கையைக் கிழிக்கிறது என்று போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். அப்படியே ஒவ்வொரு வரவுக்கும் ஒன்று. இரண்டு கிளாம்ப், ஒரு ட்ரில் மெஷின், ஜப்பான் வாள் ஒன்று. அந்தச் சுவரில் தொங்கியவற்றில் பாதிக்கு மேல் அவன் மடியில் ரயிலேறி வந்தவை. பெரட்டு எடுக்கும்போது அவள் அவற்றின் பெயரைத்தான் சொன்னாள். மனம் யார் பெயரைச் சொன்னது என்று அவளுக்குத்தான் தெரியும்.

பதினான்கு வருடத்தில் அவன் வீட்டில் சேர்ந்தாற்போல் ஐந்து இரவுக்கு மேல் படுத்ததில்லை. மகளும் இப்போது கொட்டகலையில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சியில் இருந்தாள். காலையில் மலைக்கும் மாலையில் பட்டறைக்குமாக தெரேசா ஒற்றை ஆளாய் ஓடிக்கொண்டிருந்தாள்.

அந்த ஒக்டோபரில்தான் கதவு திறந்தது. நுவரெலியாவில் விருந்தினர் விடுதி வைத்திருந்த சிங்களப் பெண்மணி குமாரி நோனா, யார் வீட்டிலோ தெரேசா செய்த கதிரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆறு கதிரைக்குச் சொல்லி அனுப்பினாள். டிசம்பர் பத்துக்குள் வேண்டும். ஆறும் பிடித்திருந்தால் சாப்பாட்டு மண்டபம் முழுவதற்கும், அறைகளின் கட்டில்களுக்கும் தெரேசாதான். போனில் இதைக் கேட்ட றொனால்ட், அந்தப் பெரிய வேலை கிடைத்தால் வார்னிஷ் அடிக்கவும் ஏற்றி இறக்கவும் தெரேசாவுக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கும் அல்லவா என்று மெதுவாகக் கேட்டான். வேண்டும் என்றாள் அவள்.

லிந்துலைப் பக்கத்து மரவேலைக்கு ஒரே எதிரி ஈரம். மூடுபனி பட்டறைக்குள் கேட்காமல் நுழைந்து, துடைத்து வைத்த உளியின் மேல் ஒரே இரவில் செம்மண் பூசிவிட்டுப் போகும். எண்ணெய் தடவினாள், மெழுகு தடவினாள், துணியில் சுற்றினாள். ஒன்றும் சரிவரவில்லை. கொழுந்து எடுக்கப் போகும் முன் இரண்டு வருடம் கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவள் அவள். காய்ந்த தூளை அங்கே ஒரு நிமிடம் திறந்து வைக்க விடமாட்டார்கள். காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும் என்பார்கள். அது நினைவுக்கு வந்ததும் தெரேசாவுக்குப் பொறி தட்டியது. தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தேயிலைத் தூளைச் சேர்த்தாள். கோதுமை மாப் பையைக் கிழித்து இருபது சின்னப் பைகள் தைத்தாள். தூளை நிரப்பி, ஒவ்வோர் ஆயுதத்துக்கும் பின்னால் ஒன்றாக மாட்டினாள். தினமும் பெரட்டு முடிந்ததும் பைகளைக் கழற்றி அடுப்பின் மேல் தகட்டில் காயவைத்து, திரும்ப மாட்டுவாள்.

தேயிலையோடு பிறந்து வளர்ந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. இந்தத் தவறும் வந்திருக்காது.

முதல் மாதம் அதிசயமாக இருந்தது. ஒரு துளி துரு இல்லை. உளிகள் மாதா கோயில் மணி மாதிரி மின்னின. தெரேசா போனில் றொனால்டிடம் பெருமையடித்துக்கொண்டாள். நவம்பர் கடைசியில் கதிரைகளின் உறுப்புகள் எல்லாம் முடிந்துவிட்டன. எட்டு மாதம் காய்ந்த சபுக்கு, இளஞ்சிவப்பில் பூவேலை போட்டது போன்ற மரம். இருக்கைப் பலகை ஆறு, முதுகுப் பலகை ஆறு, எல்லாம் இழைத்துத் தேய்த்து, ஆயுதச் சுவரின் கீழே மேசை மேல் அடுக்கி வைத்தாயிற்று. பொருத்துவதுதான் பாக்கி.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கிராம சேவகர் வந்து, மேல் மலையில் மண் வெடித்திருக்கிறது, இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் உடனே பாடசாலைக்குப் போகவேண்டும் என்றார். தெரேசா கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பட்டறையைப் பூட்டினாள். பூட்டிய கதவில் கையை வைத்து ஒரு முறை சிலுவை போட்டாள்.

பாடசாலை மண்டபத்தில் ஆறு நாள். நாற்பது குடும்பம். நல்லமுத்து வழியெல்லாம் கோழிக்கூட்டைச் சுமந்து வந்து, கோழிக்கும் இடம் கேட்டுச் சண்டை போட்டார். நான்காம் நாள் றொனால்டின் போன் வந்தது. வீடு நிற்கிறதா என்று கேட்டான். நிற்கிறது என்றாள். அவன் ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னான்.

"மொதலாளிகிட்ட சொல்லிட்டேன் தெரேசா. சீக்கிரமே நின்னுக்கிறேன்னு. மலை விழுந்தா ஒனக்கு ஒரு சத்தம் குடுக்கக்கூட நான் பக்கத்துல இல்ல. இனிமே என்னால முடியாது."

அத்தனை பேர் நடுவே தெரேசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மலைக்குப் பயந்து அழுகிறாள் என்று பெண்கள் தேற்றினார்கள். அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏழாம் நாள் காலை வெயில் அடித்தது. மலை விழவில்லை. வீடும் விழவில்லை. தெரேசா முற்றத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஓடிப்போய்ப் பட்டறையைத் திறந்தாள்.

திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

காற்று கூரைத் தகரத்தைத் தூக்கியிருந்தது. அந்த இடுக்கு வழியாக ஆறு நாளும் மழை சுவரில் வழிந்திருக்கிறது. காயவைக்க ஆள் இல்லாத இருபது பைகளும் தண்ணீரைக் குடித்து, ஊதி, சாயத்தண்ணியாகக் கசிந்திருந்தன. அந்தச் சாயம் இரும்பின் மேல் ஊறி ஊறி மையாக மாறி, ஆயுதம் ஒவ்வொன்றிலிருந்தும் கறுப்பாக இறங்கியிருந்தது. உளிகள் கரி மாதிரி இருந்தன. அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். கீழே அடுக்கி வைத்த பன்னிரண்டு பலகைகளிலும் நீலமும் கறுப்புமாகக் கோடு கோடாக மை. ஆறு கதிரை. அவன் வேலையை விட்டு வருவதற்கு இருந்த ஒரே பாதை.

பெரிய சீவுளியைத் துடைத்து எடுத்து ஒரு பலகையை இழைத்தாள். சுருள் சுருளாகக் கறுப்பு வந்தது. இன்னும் ஒரு தரம். அடியிலும் கறுப்பு. அச்சை எடுத்து வைத்துப் பார்த்தாள். இதற்கு மேல் ஒரு தரம் இழைத்தாலும் பலகை கனம் குறைந்து, உட்காருகிறவரைத் தாங்காது. புதுப் பலகை போடலாம் என்றால் தட்டில் இருப்பது எல்லாம் பச்சை. டிசம்பர் பத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது.

எல்லாவற்றுக்கும் இடம் வைத்தேனே, ஈரத்துக்கும் நானே இடம் வைத்துவிட்டேனே என்று அவள் நெஞ்சு வெடித்தது. தரையில் உட்கார்ந்து றொனால்டைக் கூப்பிட்டாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள்.

"வேலைய விட்றாதீங்க," என்றாள் கடைசியில். "மொதலாளிகிட்ட கேட்டுப் பாருங்க. இந்தக் கதிரை வேலை இல்லாம இந்த வீட்ல ரெண்டு பேரு சாப்ட முடியாதுங்க."

அந்தப் பக்கம் கடைச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ இரண்டு அங்குலக் குழாய் கேட்டார்கள். பிறகு அவன், பத்தாம் தேதி வரைக்கும் பார்ப்போம், அதுவரைக்கும் முதலாளியை ஆள் எடுக்க வேண்டாம் என்று சொல்கிறேன் என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் குரலில் பதினான்கு வருடமும் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கோழிக்கு மரத்தூள் கேட்டு நாகலெட்சுமி வந்தது அந்த நேரத்தில்தான். நல்லமுத்துவின் மனைவி அவள். தெரேசாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள். அழுது வீங்கிய முகத்தையும் கறுத்த பலகைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தெரேசா விம்மி விம்மிச் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு குனிந்து, கறையை விரலால் தேய்த்து, அந்த விரலை மோந்து பார்த்தாள்.

"இதுக்கா புள்ள இப்புடி ஒக்காந்திருக்க? நம்ம கையில இருக்கிறதுதானே இது."

"என்ன மதினி சொல்றீங்க?"

நாகலெட்சுமி தன் வலது கையை விரித்துக் காட்டினாள். கொழுந்தின் சாறும் கொழுந்து வெட்டும் கத்தரியின் இரும்பும் சேர்ந்து ஏறிய கறுப்பு, விரல் இடுக்கெல்லாம். "எம்மவ கல்யாணத்துக்கு முதநாள் இந்தக் கைய எப்புடி வெளுத்தேன்னு நெனைக்கிற? சம்பந்திக்கு முன்னால கரிக்கையோட நிக்க முடியுமா? நீ கோயிலுக்குப் போறதுக்கு முன்னால என்னா பண்ணுவ?"

தெரேசா எழுந்து சமையலறைக்கு ஓடினாள். சம்பலுக்கு வைத்திருந்த ஒரே ஒரு எலுமிச்சைத் தேசிக்காயை இரண்டாக வெட்டி, உப்பில் தொட்டு, பலகையின் மூலையில் வைத்துத் தேய்த்தாள். தோட்டத்துப் பெண்கள் நூறு வருடமாகத் தங்கள் விரல்களில் தேய்த்தது போலத் தேய்த்தாள். நீலம் பழுப்பானது. பழுப்பு மஞ்சளானது. மூன்றாம் முறை துடைத்தபோது, மஞ்சளுக்கு அடியிலிருந்து சபுக்கின் இளஞ்சிவப்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

நல்லமுத்து அன்று தலவாக்கலைச் சந்தைக்குப் போய் ஒரு சாக்குத் தேசிக்காயோடு திரும்பினார். கொழுந்து மலையிலிருந்து இறங்கிய பெண்கள் நான்கு பேர் வெட்டிய பாதிகளோடு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். தெரேசா பலகைகளைப் பிரித்துக் கொடுத்து, இரும்பு எதுவும் அருகில் வரக்கூடாது, தேங்காய்த் தும்பால்தான் தேய்க்கவேண்டும், தேய்த்ததும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும் என்று சட்டம் போட்டாள். ஊரெல்லாம் புளிப்பு வாசம். ஊறுகாய் போடுகிறீர்களா கதிரை போடுகிறீர்களா என்று நல்லமுத்து கேட்டதற்கு, பேச நேரமிருந்தால் இன்னும் ஒரு சாக்கு கொண்டுவரச் சொல்லி நாகலெட்சுமி விரட்டினாள். மறுநாளும் வெயில் இருந்தது. பலகைகள் நிழலில் நின்று காய்ந்தன. தெரேசா கூரைத் தகரத்தை இறுக்கி, ஆயுதங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்து, எண்ணெய் போட்டு மாட்டினாள். தேயிலைப் பைகள் இருபதும் ரோசாச் செடிக்கு உரமாகப் போயின. உளிகளுக்குக் கதவு வைத்த ஒரு பெட்டி செய்து, உள்ளே சின்ன மின்குமிழ் ஒன்றை எரியவிட்டாள். அதன் சூட்டில் ஈரம் அண்டவில்லை.

பதினொரு பலகை முழுதாக வெளுத்தது. ஓர் இருக்கைப் பலகையில் மட்டும், அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல் போக மறுத்துவிட்டது.

ஒன்பதாம் தேதி குமாரி நோனா காரில் வந்து இறங்கினாள். கையில் அளவு நாடா. முதலில் கதிரைகளைப் பார்க்கவில்லை. பட்டறை வாசலில் நின்று சுவரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கதிரை ஒவ்வொன்றையும் அளந்தாள், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்தாள், தரையில் வைத்து ஆட்டினாள். சிங்களமும் தமிழும் கலந்து தன் கதையைச் சொன்னாள். முன்பு ஒருவரிடம் பன்னிரண்டு கதிரை வாங்கினாளாம். ஒன்றைப் போல் ஒன்று இல்லையாம். ஒரு கால் முறிந்தபோது அதே அளவில் இன்னொரு கால் செய்ய அந்த மனிதருக்குத் தெரியவில்லையாம்.

"இது ரெண்டு வருசத்துல ஒடஞ்சா, இதே மாதிரி கால் குடுக்க முடியுமா?"

தெரேசா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, ஆணியிலிருந்து கால் அச்சை எடுத்து, கதிரைக் காலின் மேல் வைத்தாள். விளிம்போடு விளிம்பு நின்றது. நோனா நாடாவை மடித்துப் பைக்குள் போட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். தெரேசாவால் விட முடியவில்லை. ஐந்தாவது கதிரையைக் கவிழ்த்து அந்த மங்கலைக் காட்டி, இரும்பில் தேயிலை ஊறிய கறை என்று நடந்ததைச் சொன்னாள். பிடிக்காவிட்டால் ஜனவரியில் வேறு இருக்கை போட்டுத் தருவதாகவும் சொன்னாள். நோனா குனிந்து பார்த்தாள்.

"நான் இந்தக் கதிரைல உக்காந்துதான் தேத்தண்ணி குடிக்கப் போறேன்," என்றாள். "அது கொஞ்சம் முன்னாடியே குடிச்சிருக்கு. பரவால்ல."

ஆனால் போகும்போது இன்னொரு கேள்வி கேட்டாள். இருபத்து நான்கு கதிரை, ஒன்பது கட்டில். சித்திரை சீசனுக்கு முன்னால் முடியவேண்டும். இங்கே ஒரே ஓர் ஆள்தானே இருக்கிறீர்கள், எப்படி முடியும்?

"நாங்க ரெண்டு பேரு நோனா," என்றாள் தெரேசா. "எங்க வீட்டுக்காரர் வந்துக்கிட்டிருக்காரு."

கார் வளைவில் மறையும் வரைக்கும் நின்றவள், அதற்குப் பிறகுதான் போனை எடுத்து, வரச் சொன்னாள். இரண்டே வார்த்தை. அந்தப் பக்கம் யாரோ அவனிடம் ஆணி கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சனிக்கிழமை றொனால்ட் வந்தான். வழக்கமான ஒற்றைப் பை இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய், பதினான்கு வருடத்துத் தலையணை. ஞாயிறு பூசைக்குப் போனார்கள். கொட்டகலையிலிருந்து யூஜினாவும் வந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின், ரயில் நேரம் ஆனபோது தெரேசா அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். தூரத்தில் ரயில் கூவியது. அது கூவிக்கொண்டே தலவாக்கலையைத் தாண்டிப் போனது. றொனால்ட் பாயில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை காலை அவள் கொழுந்துக்குப் போக எழுந்தபோது அவன் அவளுக்கு முன்னால் எழுந்து, பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். தன் கையால் ஒவ்வொன்றாக வாங்கி வந்த சாமான்களை, முதல் தரம் வேலைநாள் ஒன்றின் வெளிச்சத்தில் பார்க்கிறான். ஹார்ட்வெயார் கடையையே கண்ணை மூடிக்கொண்டு நடத்தியவன், இங்கே எதைத் தொடுவது என்று தெரியாமல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்னாங்க, அங்கேயே நிக்கிறீங்க?"

"எனக்கு என்னா வேலைன்னு சொல்லு," என்றான். "சொல்லாம உள்ள வந்தா நீ செக்ரோல்ல பேர் வெட்டிருவியாமே. நல்லமுத்து அண்ணன் சொன்னாரு."

தெரேசா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டில் காலுக்கு வந்திருந்த பலகைகளைக் காட்டி, நீளம் பார்த்துப் பிரித்துத் தட்டில் நிறுத்தச் சொன்னாள். மத்தியானம் வந்து பார்ப்பேன் என்றாள். கூடையை மாட்டிக்கொண்டு மலையேறும் போது, கீழேயிருந்து பலகையோடு பலகை மோதும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. அவள் இல்லாத நேரத்தில் அந்தப் பட்டறையில் முதல் முறையாக வேலை நடந்தது.